காயம் எங்கே பட்டது?

வகுப்பில் ஒருநாள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு தலைப்பில் 'வீராங்கனை' என்று இருந்தது. வீரனுக்குப் பெண்பாலாக இந்தச் சொல் எப்படி வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். அங்கனை என்றால் பெண், வடமொழி வழியாக வந்த சொல் என்று சொன்னேன். கூடவே, இதே சொல் நம் அண்டை நாடு ஒன்றில் ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் பேரோடு ஒட்டிக்கொண்டால் அவள் ஊரில் தலைகாட்ட முடியாமல் போனது தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று பாதியில் நின்ற பதிலின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

வங்காளத்தில் அந்தச் சொல் 'பீராங்கனா'. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. டிசம்பர் 16 அன்று சரணடைந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் கிழக்கு வங்காளத்துப் பெண்கள்மீது பாலியல் வன்முறை போரின் ஆயுதமாகவே பயன்படுத்தப்பட்டது. வீடுகளில், வயல்வெளிகளில், ராணுவ முகாம்களில். பல பெண்கள் முகாம்களில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 2 லட்சம் பேர் என்பது வங்கதேச அரசு சொல்லும் கணக்கு. 4 லட்சம் வரை சொல்பவர்கள் உண்டு, இரண்டையும் மறுப்பவர்களும் உண்டு. யாரும் ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கு அல்ல இது.

போர் முடிந்த அந்த டிசம்பரிலேயே புதிய அரசு இந்தப் பெண்களுக்குப் 'பீராங்கனா' என்ற பட்டத்தை அறிவித்தது. போரில் வல்லுறவுக்கு ஆளான பெண்களை ஓர் அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அவர்களை மதிக்கும்படி குடிமக்களைக் கேட்டுக்கொண்டது உலக வரலாற்றில் அரிய செய்தி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரு வேறு விதமாகப் பேசியது. பீராங்கனா என்ற சொல்லின் முதல் உயிரைக் கொஞ்சம் மாற்றினால் 'பாராங்கனா' ஆகிவிடும். அதற்குப் பொருள் விலைமகள். அரசு பட்டம் கொடுத்தது, ஊர் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டது.

மானத்துக்குச் செய்த வைத்தியம்

தமிழில் நெடுங்காலம் நாமும் 'கற்பழிப்பு' என்றுதான் எழுதினோம். அந்தச் சொல்லின்படி அழிந்தது கற்பு. கிழிந்த தசை, உடைந்த எலும்பு, தொற்று, கரு, தூக்கம் போன இரவு எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பெண்ணியவாதிகள் விடாமல் சண்டையிட்டுத்தான் 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. சொல்லுக்காக ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் டாக்காவைக் காட்டலாம். காயம் எங்கே பட்டது என்று நினைக்கிறோமோ அங்கேதானே மருந்து போடுவோம்? காயம் மானத்தில் பட்டது என்று நினைத்த ஒரு நாடு, மானத்துக்கே வைத்தியம் பார்த்தது. பெண்ணின் உடம்பு அந்த வைத்தியம் நடந்த இடமாக மட்டும் ஆனது.

1972 பிப்ரவரியில் பெண்கள் மறுவாழ்வு வாரியம் அமைந்தது. ஒரு நீதிபதி தலைவர். கவிஞர் சூஃபியா கமால், பேராசிரியர் நீலிமா இப்ராஹிம் போன்ற பெண்கள் அதில் முன்நின்று உழைத்தார்கள். முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பலர் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்த உடம்புகள். ரத்தசோகை, பால்வினைத் தொற்று, ஆறாத புண்கள். அரசும் வாரியமும் மருத்துவர்களும் வருவதற்கு முன்பே எத்தனையோ பேர் ஊர் மருத்துவச்சிகளிடம் போயிருந்தார்கள். எத்தனையோ பேர் குளத்தையும் கயிற்றையும் தேடிப் போயிருந்தார்கள்.

சட்டம் குறுக்கே நின்றது. 1860ஆம் ஆண்டு பிரிட்டிஷார் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு எதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றுக்கும் அப்போது அதே சட்டம்தான் இருந்தது. வங்கதேச அரசு இந்தப் பெண்களுக்காக அந்தச் சட்டத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது. டாக்காவின் தான்மண்டியிலும் பிற ஊர்களிலும் இதற்கென மருத்துவமனைகள் திறந்தன. வெளிநாட்டு மருத்துவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி டேவிஸ். ஏறத்தாழ ஆறு மாதம் தங்கி, மாதம் கடந்த கருக்களைக் கலைக்கும் கடினமான வேலையைச் செய்தார், உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 30 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் பீனா டி கோஸ்டா அவரைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார். அந்த மருத்துவமனைகளுக்குள் நடந்ததைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான சாட்சியங்களில் அந்தப் பேட்டியும் ஒன்று. அங்கே சிகிச்சை பெற்ற பெண்களின் குரலில் அப்படி ஒரு பதிவு கிடைப்பது மிக அரிது.

அமெரிக்காவின் ஹார்வி கார்மனும் அந்த ஆண்டு டாக்காவுக்கு வந்தார். அவர் மருத்துவர் அல்லர். மென்மையான பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் ஒன்றை வடிவமைத்தவர். மின்சாரம் வேண்டாம், அறுவை அரங்கு வேண்டாம், கையால் இழுக்கும் ஊசிக்குழலோடு சேர்த்தால் போதும். உலகெங்கும் எத்தனையோ பெண்களின் உயிரைக் காத்த எளிய கருவி அது. ஆனால் மாதம் கடந்த கருவுக்கு அவர் கொண்டுவந்தது வேறொன்று: கருப்பைக்குள் வைக்கும் சுருள் சுருளான பிளாஸ்டிக் நாடாக்கள். தக்க ஆய்வுக்கு உட்படாத அந்த முறை வங்கதேசத்துப் பெண்களிடம் பயன்படுத்தப்பட்டது. அதே 1972 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 15 பெண்களிடம் அதைச் செய்தபோது ஒன்பது பேருக்குச் சிக்கல்கள் வந்தன, ஒருவருடைய கருப்பையையே எடுக்க நேர்ந்தது. பிலடெல்பியாவில் அரசு நிறுவனம் விசாரித்தது, அறிக்கை எழுதியது. டாக்காவில் அந்தச் சுருள் வைக்கப்பட்ட பெண்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று அப்படி யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. ஒரே கருவி, ஒரே ஆண்டு. கேள்வி கேட்கத் தகுந்த உடம்பு எது என்பதில் மட்டும் வேறுபாடு.

அவளிடம் கேட்டார்களா?

கருவைக் கலைக்க முடியாத அளவுக்கு மாதம் ஆனவர்கள் பெற்றார்கள். அந்தக் குழந்தைகளுக்காக 1972இல் கைவிடப்பட்ட குழந்தைகள் குறித்த சிறப்பு ஆணை வந்தது. வெளிநாட்டவர் தத்தெடுக்க அது வழிசெய்தது. டாக்காவில் அன்னை தெரசாவின் சபையினர் நடத்திய இல்லத்தில் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஜூலையில் 15 குழந்தைகள் கனடாவுக்கு விமானம் ஏறினார்கள். அவர்களைத் தொடர்ந்து வேறு நாடுகளுக்கும் போனார்கள்.

'கைவிடப்பட்ட' என்று ஆணை சொல்கிறது. கைவிட்டது யார்? சில தாய்மார் குழந்தையைப் பார்க்கவே விரும்பவில்லை. அது அவர்களுடைய உரிமை. வேறு சில தாய்மார் தர மறுத்து அழுதார்கள் என்பதையும் நீலிமா இப்ராஹிம் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தாய்மாருக்காக அவர் ஷேக் முஜிபுர் ரஹ்மானிடமே போய்க் கேட்டாராம். அந்தக் கெட்ட ரத்தம் இந்த நாட்டில் வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்ததாக எழுதுகிறார். ரத்தம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆற்ற வேண்டிய நோய் நாட்டின் ரத்தத்தில் இருப்பதாக அங்கே கருதப்பட்டது. ஒரு தாயின் மார்பில் கட்டிக்கொண்டிருந்த பாலுக்கு அந்த மருத்துவத்தில் இடமில்லை.

மூன்றாவது மருந்து கல்யாணம். பீராங்கனாக்களை மணந்துகொள்ள முன்வருமாறு இளைஞர்களுக்கு அரசு வேண்டுகோள் விடுத்தது. வந்த சிலர் கேட்ட சீர்வரிசையைச் சூசன் பிரவுன்மில்லர் 1975இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். ஒருவருக்குச் சிவப்பு வண்ணம் பூசிய புது ஜப்பானியக் கார் வேண்டுமாம். இன்னொருவருக்கு, அச்சேறாத தன் கவிதைகள் அச்சேற வேண்டுமாம். நானும் கவிதை எழுதுகிறவள் என்பதால் அந்த வரியைப் படித்தபோது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கருக்கலைப்பு, தத்து, கல்யாணம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. மூன்றும் நடந்ததன் தடயத்தை அகற்றும் வழிகள். மறுவாழ்வு மையங்களின் பதிவேடுகளும் அழிக்கப்பட்டன. அந்தப் பெண்கள் பின்னாளில் அடையாளம் காணப்படக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் இருந்திருக்கும். ஆனால் பதிவேடு போனதோடு, இவளுக்கு என்ன சிகிச்சை தரப்பட்டது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும், எந்தத் தொற்று இன்னும் தீரவில்லை என்பதெல்லாமும் போயிற்று. தையல் பயிற்சி இருந்தது, தட்டச்சுப் பயிற்சி இருந்தது. இரவில் பூட்ஸ் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தவளுக்கு என்ன இருந்தது?

இதைச் சொல்லும்போது வாரியத்தில் உழைத்த பெண்களை நான் குற்றம் சாட்டவில்லை. பாலம் இல்லை, மருந்து இல்லை, சோறு இல்லாத ஒரு நாட்டில், கைக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார்கள் அவர்கள். கருவைச் சுமக்க விரும்பாத ஒருத்திக்கு அந்த மருத்துவமனை பிழைத்துக் கிடந்ததற்கான ஒரே வழியாகவும் இருந்திருக்கும். என் கேள்வி ஒன்றுதான். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அவளிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

நீலிமா இப்ராஹிம் கேட்டார். டாக்கா பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் கற்பித்தவர் அவர். சரணடைந்த பாகிஸ்தான் படையினரோடு நாட்டை விட்டே போய்விடத் துணிந்த சில பெண்களைத் தேடிப்போய்ப் பேசினார். இங்கே இருந்தால் எங்களை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற அவர்களின் கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990களில், அந்தப் பெண்கள் தன்னிலையில் பேசும் வடிவில் 'ஆமி பீராங்கனா போல்ச்சி' என்ற நூலை எழுதினார். நான் பீராங்கனா பேசுகிறேன் என்று பொருள். ஓர் இலக்கிய ஆசிரியரின் காது செய்த வேலை அது.

சட்டத்தின் இடுக்கில் ஒரு கதவு

போர்க்கால விலக்கு முடிந்ததும் 312ஆம் பிரிவு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் கையால் இயக்கும் அந்தக் குழலும், அதைப் பழகிய கைகளும் நாட்டில் இருந்தன. 1974இல் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் 'மாதவிடாய்ச் சீராக்கம்' என்ற பெயரில் ஒரு சேவை தொடங்கியது. 1979இல் அது தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தது.

அதன் சூட்சுமம் இதுதான். மாதவிடாய் தள்ளிப்போன பெண் வருகிறாள். கருவுற்றிருக்கிறாளா என்று சோதிப்பதில்லை. குழலால் கருப்பையைச் சுத்தம் செய்து, அவள் கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதி செய்கிறார்கள். கரு இருந்தது என்று நிரூபிக்கப்படாதபோது 312ஆம் பிரிவுக்கு அங்கே வேலையில்லை. 1979இல் சட்ட அறிஞர்களின் நிறுவனம் ஒன்று இந்த விளக்கத்தை ஏற்றுக் கருத்துச் சொன்னது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் கிராம அளவில் வேலை பார்க்கும் பெண் துணை மருத்துவப் பணியாளர்கள்.

பெண்ணின் உரிமை என்று நேராகச் சொல்லத் துணிவில்லாத ஒரு சுற்றுவழிதான் இது. மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற நோக்கமும் அதற்குள் இருந்தது. ஆனாலும் அதில் ஒரு பெரும் நன்மை தற்செயலாக அமைந்துவிட்டது. ஏன் வந்தாய் என்று அந்தச் சேவையில் கேட்க வேண்டியதில்லை. புருஷன் பெயர், வன்முறை நடந்த நாள், காவல்துறையின் காகிதம் எதுவும் தேவையில்லை. தன் கதையை யாரிடமும் ஒப்பிக்காமல் ஒருத்தி சிகிச்சை பெற்றுப் போகலாம்.

இந்தியாவில் மருத்துவ ரீதியான கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1971ஆம் ஆண்டுதான். வல்லுறவால் உண்டான கருவை மனநலத்துக்குப் பெருந்தீங்காகக் கருதலாம் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. இலங்கையிலோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, தாயின் உயிர் ஒன்றைத் தவிர வேறு விலக்குத் தரவில்லை. வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கேனும் விலக்கு வேண்டும் என்று 1995இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கைவிடப்பட்டது. அந்த நாட்டில் போர் நடந்த காலம் முழுவதும், போர் முடிந்த பிறகும், வன்முறைக்கு ஆளான தமிழ்ப் பெண்களுக்குச் சட்டப்படி அந்தக் கதவு திறக்கவில்லை. பிரிட்டிஷ் சட்ட மரபின் ஒரே பிரிவை மூன்று நாடுகள் மூன்று விதமாக எதிர்கொண்ட கதை இது. யாருக்கு எந்தக் கதவு கிடைத்தது என்பதை அவள் எந்தக் கரையில் பிறந்தாள் என்பதே முடிவு செய்தது.

நாஃப் நதியைக் கடந்தவர்கள்

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் நாஃப் நதியையும் எல்லையையும் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். மியான்மர் ராணுவத்தினர் பெண்களைக் கூட்டாக வல்லுறவுக்கு உள்ளாக்கியதை ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் பதிவுசெய்தது. 46 ஆண்டுகளுக்கு முன் தன் பெண்களுக்கு நேர்ந்ததை அந்த மண் மறுபடி கண்முன்னே பார்த்தது.

இதற்குள் மருத்துவ உலகம் கொஞ்சம் கற்றிருந்தது. பாஸ்னியா, ருவாண்டா போர்களுக்குப் பின், 1990களின் நடுவிலிருந்து, அகதி முகாம்களில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டிய பெண்நலச் சேவைகளின் பட்டியல் உருவானது. வல்லுறவுக்கு ஆளானவருக்குச் செய்ய வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியாக வெளியிட்டது. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள். அவசரக் கருத்தடை மாத்திரை 5 நாளுக்குள். பால்வினைத் தொற்றுக்கு மருந்து, காயத்துக்குக் கட்டு, மனத்துக்குத் துணை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவளுடைய சம்மதம்.

ஆனால் 72 மணி நேரம் என்பது ஆம்புலன்ஸ் உள்ள ஊரின் கணக்கு. எரியும் ஊரை விட்டுக் காட்டிலும் சேற்றிலும் நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள் இவர்கள். முகாமுக்கு வந்த பிறகும் பிள்ளைகளுக்குச் சோறு, தலைக்கு மேல் தார்ப்பாய் என்று தேடி முடித்து, உடம்பைப் பற்றி நினைக்கும்போது வாரங்கள் கடந்திருந்தன. அந்த நேரத்தில் கைகொடுத்தது 1972இன் மிச்சமான அந்தக் கதவுதான். துணை மருத்துவப் பணியாளர் 10 வாரம் வரை, மருத்துவர் 12 வாரம் வரை மாதவிடாய்ச் சீராக்கம் செய்யலாம் என்று வங்கதேச விதிகள் சொன்னதால், ரோஹிங்கியாப் பெண்களும் காரணம் சொல்லாமலே அதைப் பெற முடிந்தது. பெண்களுக்கென்று தனியிடங்கள் அமைக்கப்பட்டன. அங்கே போனால் எதற்குப் போகிறாள் என்று பக்கத்துக் கூடாரத்துக்குத் தெரியாது. தாய்சேய் நலத்துக்கும் போகலாம், பேசிக்கொண்டிருக்கவும் போகலாம். 1972இல் மருத்துவமனை வாசலே ஒரு முத்திரையாக இருந்ததை நினைத்தால், இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை புரியும்.

12 வாரம் தாண்டியவர்களுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. கூடாரத்துக்குள்ளேயே கைவைத்தியம் செய்துகொண்டு ரத்தப்போக்கோடு வந்தவர்களை மருத்துவர்கள் பார்த்தார்கள். இன்னொரு சுவர் வெகுதொலைவில் எழுப்பப்பட்டது. அமெரிக்க உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்று 1973இல், டாக்கா மருத்துவமனைகளுக்கு அடுத்த ஆண்டே, அந்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வல்லுறவுக்கு அதில் விலக்கு உண்டு என்று வாதாட இடமிருந்தும், நடைமுறையில் போர்க்களத்துப் பெண்களுக்கும் சேர்த்தே அந்தத் தடை பொருந்திவந்தது. எங்கோ ஒரு சபையில் ஆண்கள் தூக்கிய கை, நாஃப் கரையில் ஒருத்தியின் மருந்தைத் தட்டிவிடுகிறது.

பேசுவதற்கும் பேசாமலிருப்பதற்கும்

1992 மார்ச் 26 அன்று டாக்காவில் ஜஹானாரா இமாம் தலைமையில் மக்கள் நீதிமன்றம் கூடியது. போர்க் குற்றவாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் குஷ்டியா பகுதியிலிருந்து ஏழைப் பெண்கள் சிலர் அழைத்து வரப்பட்டார்கள். அவர்கள் படம் நாளிதழ்களில் வந்தது. ஊருக்குத் திரும்பியபோது ஏளனமும் ஒதுக்கலும் காத்திருந்தன. நயனிகா முகர்ஜி பிறகு அந்த ஊர்களில் தங்கி ஆய்வுசெய்து இதை விரிவாக எழுதினார். 1972இல் தேசத்தின் மானத்துக்காக மறைக்கப்பட்டவர்கள், 1992இல் தேசத்தின் நீதிக்காகக் காட்டப்பட்டார்கள். இரண்டு தடவையும் முடிவு அவர்கள் கையில் இல்லை.

தன் முடிவாகவே பேசியவர் சிற்பி பிர்தௌசி பிரியபாஷினி. 1990களின் இறுதியில் தன் பெயரோடும் முகத்தோடும் முன்வந்தார். காய்ந்த மரக்கிளை, வேர், கைவிடப்பட்ட கட்டை இவற்றிலிருந்து உருவங்களைச் செய்தவர். 2018 மார்ச்சில் காலமாகும் வரை பேசிக்கொண்டே இருந்தார். 2015 அக்டோபரில் வங்கதேச அரசு முதற்கட்டமாக 41 பீராங்கனாக்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக அரசிதழில் அறிவித்தது. 44 ஆண்டுகள் ஆயிற்று அதற்கு. 20 வயதில் முகாமில் கிடந்தவளுக்கு அப்போது 64 வயது.

வகுப்பில் அடுத்த நாள் இவ்வளவையும் சொன்னபோது, அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ, அவங்களுக்கு வேற என்ன பேரு வெச்சிருக்கணும் மேடம்?" என்றாள். பெயர் வைக்கும் அவசரம் நமக்கெல்லாம் உண்டு. நாயகி என்கிறோம், பலியானவள் என்கிறோம், மீண்டவள் என்கிறோம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நிற்கிறவளுக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், மறைப்புள்ள ஓர் அறை, காலாவதியாகாத மருந்து, அவள் பேசினால் கேட்கவும் பேசாவிட்டால் காத்திருக்கவும் தெரிந்த ஒரு பெண். அவளுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்ல அவள் விரும்பினால் சொல்வாள் என்றேன்.